மாணிக்கம் வெளியே பார்த்த கதை

மாணிக்கத்துக்கு விமானப்படையில் கிடைத்த வேலைகளிலேயே சுலபமானது வெளியே பார்ப்பதுதான். அதையும் அவன் ஒழுங்காகச் செய்யவில்லை.

1944ஆம் வருஷம். சேந்தமங்கலத்துக்காரனான மாணிக்கம் அப்போது புது விமானி. மேலதிகாரி அருணாசலம், கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி ஓட்டத் தகுதி பெற்றவர். பழக்கம் விட்டுப்போகாமலிருக்க அவ்வப்போது அப்படிப் பறந்தாக வேண்டும். தவறினால் தகுதி போய்விடும். அருணாசலமோ பல மாதமாக ஆபீஸ் நாற்காலியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். கெடு நெருங்கியதும் அவசரமாக இரண்டு கண்கள் தேவைப்பட்டன. மாணிக்கம் அகப்பட்டான்.

ஓட்டுபவர் பின்னிருக்கையில் வெளியே எதுவும் தெரியாதபடி துணி மூடிக்குள் இருப்பார். முன்னால் இருப்பவர் வெளியிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. ஆபத்து வந்தால் விமானத்தை யார் கையில் எடுப்பது என்று முன்பே பேசி வைக்க வேண்டும். விதி அது. அருணாசலம் இரண்டே வார்த்தையில் பேசி முடித்தார்: "நீ பாரு."

மாணிக்கம் பார்த்தான், தன் ஊரை. மொட்டைமாடியில் வந்து நிற்கும்படி மனைவி கண்ணாயிக்குச் சேதி அனுப்பியிருந்தான். பேச்சுக்குழாயில் இடப்பக்கம் திருப்பச் சொன்னான், மறுபடியும் சொன்னான். ஏதோ ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறான் என்று நம்பி அருணாசலம் திருப்பினார். அவ்வளவு உயரத்திலிருந்து யானையே எறும்பாகத்தான் தெரியும். கண்ணாயியோ, ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று கட்டிலுக்கடியில் கிடந்தாள். மாணிக்கம் கழுத்தைத் திருப்பித் தேடிக்கொண்டே இருந்தான்.

முன்னால் திரும்பியபோது கொல்லிமலை நின்றது.

"சார், மலைங்க."

"எந்தப் பக்கம்?"

"நேராத்தானுங்க."

ஒருவன் வலப்பக்கம் இழுத்தான், ஒருவர் இடப்பக்கம் இழுத்தார். விமானம் இருவர் பேச்சையும் கேட்காமல் மலை விளிம்பு மரங்களை உரசிக்கொண்டு தாண்டி, மலைமேல் தேவனூர் நாட்டில் சென்னம்மாளின் சாமைக் காட்டில் வயிற்றால் தேய்ந்து நின்றது. காயம் பெரிதாக இல்லை. பாதிச் சாமை போயிற்று.

களைக்கொத்தோடு ஓடிவந்த சென்னம்மாள், துணிக்குள்ளிருந்து வெளியே வந்த அருணாசலத்தைப் பார்த்துத் திகைத்தாள். அவர் வெளியே பார்க்கக் கூடாது, பார்ப்பது தன் வேலை என்று மாணிக்கம் விளக்கினான்.

"அப்ப நீங்க எதைப் பாத்துட்டு வந்தீங்க சாமி?"

மாணிக்கத்தின் முகம் சுண்டிப்போயிற்று.

விசாரணையில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். அருணாசலத்தின் தகுதி ரத்தாயிற்று. ஓட்ட முடியாதவரை என்ன செய்வது? பாதுகாப்பு விதிகளைப் போதிக்கும் ஆசிரியராக்கினார்கள். வெளியே பார்ப்பவனின் கடமைகள் என்று அவர் எடுத்த முதல் வகுப்பில் மாணிக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். கடைசியில் பரீட்சை வைத்தார்கள். அவன்தான் முதலாவதாக வந்தான்.