ஹோல்கருக்கு வந்த பக்குவம்

எஸ்பியர்க் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஹோல்கருக்கு நெஞ்செரிச்சலும் உண்டு, வாய்த்துடுக்கும் உண்டு. ஆளுக்கொரு துண்டுத் தோட்டமும் அதில் ஒரு குடிலும் வைத்திருப்பவர்களின் சங்கத்தில் யார் வேலியாவது ஒரு சாண் உயர்ந்தால் போதும், அவர் குரல் கடைசித் தோட்டம் வரை கேட்கும். நெஞ்செரிச்சலுக்குச் சில வாரம் மட்டும் சாப்பிடச் சொல்லி எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிவந்தார். டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். மாத்திரை ஓய்வு பெறவில்லை. ஊறவைத்த மீனும் பொரித்த பன்றிக்கறியும் மதுவும் தடையின்றி உள்ளே போக அதுதான் அனுமதிச் சீட்டு.

அப்படிப்பட்டவர் மெல்ல மெல்ல அடங்கிப்போனார். சங்கக் கூட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பிரெபென், வேலிகளை இன்னும் உயர்த்தலாம் என்று நடுங்கிக்கொண்டே சொன்னபோது எல்லோரும் ஹோல்கரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க இஷ்டம்," என்றார் ஹோல்கர்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. "மனுஷன் எப்படிப் பக்குவப்பட்டுட்டான் பாரு!" என்று பிரெபென் கண்கலங்கினான். எதையும் எதிர்க்காதவரைவிட நல்ல தலைவர் கிடைப்பாரா? அந்தக் கூட்டத்திலேயே தலைவராக்கினார்கள். அவர் ஆட்சியில் வேலிகள் ஆள் மறைய வளர்ந்தன. பிரெபென் தோட்டத்துக் குடிலுக்கு மாடி எழும்பியது.

வீட்டில் தலைவர் சோபாவில் கிடந்தார். முகம் மெழுகுபோல் வெளுத்திருந்தது, பாதம் மரத்துப்போனது, வானிலை அறிக்கை கேட்டால்கூட அழுகை வந்தது. பக்கத்து நாடான ஸ்வீடனிடம் தங்கள் நாடு கால்பந்தாட்டத்தில் தோற்ற அன்றும் அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. மனைவி இங்கலிஸ் பயந்துபோய் மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: "இரும்பும் இல்ல, பி12-உம் இல்ல. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்லையே."

"வயித்து மாத்திரை?" என்றாள் இங்கலிஸ்.

"அதெல்லாம் ஒரு மாத்திரையா? சாப்பாட்டோட சேத்தி."

"சாப்பாட்டுலேர்ந்து சத்தைப் பிரிச்செடுக்க வயித்துல அமிலமும் கொஞ்சம் வேணும்," என்றார் டாக்டரம்மா. "நீங்க அந்த மாத்திரையால அதை வருஷக்கணக்கா அடக்கியே வெச்சிருக்கீங்க. எல்லாருக்கும் இப்படி ஆகாது, உங்களுக்கு ஆயிருச்சு. மனச்சோர்வுக்கும் அதுவே காரணமா இருக்கலாம்."

"அப்ப எனக்கு வந்தது பக்குவம் இல்லையா?"

"ரத்தசோகை."

ஊசி போட்டார்கள், இரும்புச் சத்து கொடுத்தார்கள். வயிற்று மாத்திரையைச் சட்டென நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார்கள். இரவுச் சாப்பாட்டில் மது போயிற்று, படுக்கையில் தலைமாடு உயர்ந்தது. வசந்தம் வருவதற்குள் ஹோல்கரின் கன்னத்தில் நிறம் வந்தது. அடுத்த கூட்டத்தில் குரலும் வந்தது.

"யாரைக் கேட்டுய்யா மாடி கட்டினே?"

"உன்னத்தான்! நீதானே இஷ்டம்னு சொன்னே?" என்றான் பிரெபென். பிறகு இங்கலிஸிடம் குனிந்து, "அந்த ஊசிய கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?" என்று கெஞ்சினான்.

"வேணும்னா அந்த மாத்திரைய நீ போட்டுக்க."

அன்றே வாக்கெடுத்துத் தலைவரை இறக்கினார்கள். எண்ணியது தப்பு என்று ஹோல்கர் மேசையைத் தட்டினார். மறுபடி எண்ணினார்கள், இன்னும் அதிக வாக்கில் தோற்றார். வீடு வரும் வரை சங்கம் மொத்தத்தையும் திட்டித் தீர்த்தார். இங்கலிஸ் அவர் கையைக் கோத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்தாள்.