சீட்டுக்குள் இருந்தவர்

எங்க அக்கா வண்டிகளுக்கு சீட் தைக்கிறவ. லாரி, வேன், கார், எது வந்தாலும் சரி. இந்தப் பக்கத்து டிரைவருங்க பாதிப் பேர் அவ தைச்சதுமேலதான் உட்கார்ந்து பொழப்பை ஓட்டுறாங்க. இதைச் சொன்னாக்கூட சிரிக்க மாட்டா. சிரிக்கிறதை எல்லாம் மாமா போன அன்னைக்கே மூட்டை கட்டி வெச்சுட்டா.

மாமான்னா அக்கா வீட்டுக்காரர். கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், பச்சை பிக்கப் வண்டியில சரக்கு ஏத்திக்கிட்டுப் போனார். போனவர் போனவர்தான். ஆளும் வரலை, வண்டியும் வரலை. தேடாத இடம் இல்லை. நான் அப்போ பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். இப்போ எனக்கே நரை எட்டிப் பாக்குது. இத்தனை காலமா அக்கா பிடிச்ச பிடி ஒண்ணுதான்: அவர் செத்துட்டார், வண்டி ஏதோ மலைப்பள்ளத்துல கிடக்கு. "உயிரோட இருந்தா வராம இருப்பாராடி?"ம்பா. புருஷன் செத்துட்டான்னு இவ்வளவு நிம்மதியா நம்பின பொண்டாட்டியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. வேற சம்பந்தம் பேச வந்தவங்களை எல்லாம், "முதல்ல வண்டி கிடைக்கட்டும்"னு சொல்லியே திருப்பி அனுப்பிட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா அந்த நம்பிக்கைதான் அவளை எழுப்பி, குளிக்க வெச்சு, மிஷின்ல உட்கார வெச்சதுங்கிறதும் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் மெக்கானிக். முன்னாடி பட்டறை, பின்னாடி ரூம்ல அக்காவோட தையல் மிஷின். நான் ரெக்சின் வெட்டிக் கொடுப்பேன். அக்கா பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டா. சீட்டைக் கழட்டி உள்ளே கொண்டு போய்ப் போட்டாத்தான் அவளுக்கு வண்டியே வந்த மாதிரி.

ஒரு நாள் தாடிக்காரத் தம்பி ஒருத்தன் சாம்பல் கலர்ல ஒரு பழைய பிக்கப்பைக் கொண்டு வந்து நிறுத்தினான். என் வீட்டுக்காரர் கண்ணு அப்படியே விரிஞ்சு போச்சு. "இந்த மாடல் இந்தப் பக்கம் வந்ததே ஒண்ணோ ரெண்டோதான்! இது எப்படிப்பா உன் கையில?"

"எங்கப்பா வண்டிங்க. நான் பிறக்குறதுக்கு முன்னாடியே இருக்கு. இது எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பேப்பர்ல ஒண்ணுமே இல்லை. பழைய பார்ட்ஸ் கடைக்காரங்க எல்லாரும் உங்களைத்தான் கை காட்டினாங்க."

"அதை உங்கப்பாகிட்டயே கேட்டா ஆச்சு" என்றேன் நான். என் வாய் சும்மா இருக்குமா?

"கேட்டா சொல்ற நிலைமையில அவர் இல்லைக்கா."

சரி, போய்ச் சேர்ந்துட்டார் போலன்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டேன்.

சீட்டுலதான் வண்டியோட ஜாதகமே இருக்கும். வேலைக்குச் சோம்பல்படுற கடைக்காரங்க பழைய உறையைக் கழட்ட மாட்டாங்க. அதுமேலேயே புதுசை மாட்டி இழுத்துக் கட்டிடுவாங்க. உரிச்சா ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு காலத்தைச் சொல்லும். அதனால என் வீட்டுக்காரர் முதல்ல சீட்டைக் கழட்டி அக்கா ரூம்ல போட்டார். தாடிக்காரனை டீ குடிக்க அனுப்பிட்டு, பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்துல என்னைக் கூப்பிட்டார். கதவு கீலுக்குப் பக்கத்துல உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டி வெச்சிருந்தார். மேலே சாம்பல், அடுத்து வெள்ளை. அதுக்கும் அடியில பச்சை.

"சேஸிஸ் நம்பரைத் தேய்ச்சுட்டு வேற நம்பர் குத்தியிருக்கு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் பொறி தட்டிடுச்சு.

"அக்காகிட்ட மூச்சு விட்டுடாதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ளே ஓடினேன்.

கரண்ட் இல்லை. மிஷின் சத்தம் இல்லாம அந்த ரூம் வேற யார் வீடோ மாதிரி இருந்துச்சு. நடுவுல சீட்டு. எதிர்ல அக்கா, கையில குறடோட, ஆனா தொடாம நின்னுட்டிருந்தா. டிரைவர் உட்கார்ற இடத்துல ஒரு பள்ளம். ஒரு காலை மடக்கி உட்கார்ற ஆளு போல, ஒரு பக்கமாச் சாய்ஞ்ச பள்ளம். நாங்க பார்த்துக்கிட்டே இருக்கும்போது உள்ளே ஸ்பிரிங் ஒண்ணு 'கிர்ர்'னு முனகுச்சு. பள்ளம் மெதுவா மேலே வந்துச்சு. யாரோ எழுந்திரிக்கிறாங்க.

கழட்டிப் போட்ட சீட்டு இப்படித் தளர்றது சகஜம்தான். தினம் பார்க்கிறதுதான். ஆனாலும் நான் ஒரு அடி பின்னாடி போயிட்டேன்.

"இந்த ஆளை எனக்குத் தெரியும்" என்றா அக்கா.

"உளறாதே. எத்தனை சீட்டு பார்த்திருக்கே! எல்லாப் பள்ளமும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீ போய்ப் படு, இதை நான் உரிக்கிறேன்."

அவ காதுலயே வாங்கலை. உறையைப் பிடிச்சிருந்த கம்பி வளையங்களை ஒவ்வொண்ணாப் பிடுங்கினா. மேல் உறை அரக்குக் கலர். அதோட மடிப்புல இருந்து காலி மாத்திரை அட்டைகளும் ஒரு மூக்குக்கண்ணாடிக் காலும் விழுந்துச்சு. "வயசாயிருக்கு" என்றா. ஜோசியக்காரி மாதிரி அவ சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

அடுத்து நீலக் கட்டம் போட்ட துணி. அதுல மெழுகுப் பென்சில் துண்டு, ஒரு குழந்தைச் செருப்போட வார், அப்புறம் ஒரு பால் பல். அக்கா அந்தப் பல்லை உள்ளங்கையில வெச்சு ரொம்ப நேரம் பார்த்தா. ஒரு மனுஷன் எங்க கண்ணு முன்னாடி கிழவன்ல இருந்து வாலிபனாத் திரும்பி வந்துக்கிட்டிருந்தான். இன்னும் ஒரு அடுக்கு உரிச்சா வந்து நின்னுடுவான்னு எனக்குத் தோணுச்சு. "போதும்க்கா, விடு" என்றேன்.

கடைசி உறை பச்சை ரெக்சின். நடுவுல கிழிஞ்சிருந்தது. வீட்டு நூல்ல, சின்னச் சின்னதா, அவ்வளவு பொறுமையாக் கையால தைச்சிருந்தாங்க.

"இது கடைத் தையல் இல்லை" என்றா அக்கா. "புருஷன் உட்கார்ற இடம் உறுத்தக் கூடாதுன்னு ஒருத்தி தைச்சது."

அப்புறம் ஓரத்தைத் திருப்பினா. ஓரமெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ஞ்ச தையல். இடதுகைக்காரி போட்டது. அக்கா இடதுகைக்காரி. மூலையில ஒரு சிவப்பு ஒட்டு. அது என் ஸ்கூல் பை. அளவுத் துணியை ரெக்சினோட பின்பக்கம் வைக்காம முன்பக்கம் வெச்சு வெட்டினா இடது வலதா மாறிடும், மூலை பத்தாமப் போயிடும். தொழில் கத்துக்கிறப்போ எல்லாரும் ஒரு தடவையாவது செய்ற தப்பு. அக்கா அதை அவ தைச்ச முதல் சீட்டுல செஞ்சா. மாமா வண்டி சீட்டுல. ஒட்டுப் போட வேற துணி கிடைக்காம என் பையை வெட்டினா. நான் அன்னைக்கு அழுத அழுகை இருக்கே!

அக்கா தன் தையல்மேலேயும் அந்த இன்னொருத்தி தையல்மேலேயும் மாறி மாறி விரலை ஓட்டினா. அழுதாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு எனக்கு. அந்த ஆளை அங்கேயே போட்டு மிதிக்கணும்னு இருந்துச்சு. பாவி! மலைப்பள்ளத்துல கிடக்கலை, பிள்ளை குட்டியோட வாழ்ந்திருக்கான்.

அப்போதான் தாடிக்காரன் வாசல்ல வந்து நின்னான். நிலையில தோளைச் சாய்ச்சு, ஒரு காலை மடக்கி, மாமா நிக்கிற மாதிரியே. இவ்வளவு நேரம் இது எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு!

"ஏதாவது தெரிஞ்சுதாங்கம்மா?"

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தா. என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "உங்கப்பா எப்போ தவறினார் தம்பி?"

"ஐயோ, இருக்காருங்க! மறதி வியாதி. என்னையே அடையாளம் தெரியலை. ஆனா சாயந்திரம் ஆச்சுன்னா போதும், 'வண்டிய எடு, வீட்டுக்குப் போகணும், அவ காத்துக்கிட்டிருப்பா'ன்னு வாசலுக்கு ஓடுறார். பூட்டி வெச்சா கதவை இடிக்கிறார். 'இதுதானே உங்க வீடு, நான்தானே'ன்னு எங்கம்மா அழறாங்க. எங்கம்மாவைக் கட்டுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட இருந்தது இந்த வண்டி ஒண்ணுதான். அதான், வண்டி எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, ஒரே ஒரு தடவை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிடலாம்னு..."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை இன்னும் இறுக்கினா. வலிச்சுது.

"வண்டி இங்கேயிருந்து போனதுதான்" என்றா அவ. "எனக்கு நல்லாவே தெரியும்."

அவன் முகம் மலர்ந்துச்சு. "அப்போ அந்த வீடு? அந்த அம்மா?"

அக்கா என் கையை விட்டா. மடியில கிடந்த நூலைத் தட்டி விட்டுட்டு எழுந்திரிச்சா.

"அவரைக் கூட்டிட்டு வராதே தம்பி. அந்த வீட்டுல இப்போ யாரும் இல்லைன்னு சொல்லிடு."