அண்ணனின் பித்தளை ஊதல்

என் துணிப்பெட்டியின் அடியில் ஒரு பித்தளை ஊதல் கிடக்கிறது. விசில் என்றால்தான் இப்போது பிள்ளைகளுக்குப் புரிகிறது. உள்ளே உருளும் தக்கை காய்ந்து சுருங்கிவிட்டது. வாய் வைக்கும் இடத்தில் பல் பட்ட தேய்மானம். அந்தப் பல் என் அண்ணனுடையது. பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் மருமகள் அதைத் தூக்கிக் காட்டி, "இதப் போட்டுடலாமா அத்தே?" என்பாள். நான் வாங்கி மறுபடி உள்ளே வைத்துவிடுவேன். பல் போன கிழவிக்கு ஊதல் எதற்கு என்று அவள் நினைத்தால் அதில் தப்பில்லை.

அண்ணனுக்குக் காது கேட்கும், பேச்சு வராது. பண்டசோழநல்லூரில் அவனுக்கென்று ஒரு பெயர் இருந்ததே பலருக்குத் தெரியாது. ஊமை என்றால் அவன்தான். அது பிரெஞ்சுக்காரன் காலம். அறுப்பு முடிந்து தரை காய்ந்ததும், பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் சாயங்காலம்தோறும் சடுகுடு தொடங்கிவிடும். ஏற்றம் இறைத்து உரமேறிய உடம்பு அண்ணனுக்கு. ஆனால் எதிரணிக்குள் போகிறவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும். பாட்டு நின்றால் அவன் ஆட்டத்தைவிட்டு வெளியே. இவன் எதைப் பாடுவான்? ஒரு முறை முயன்றிருக்கிறான். தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, "டேய், கன்னுக்குட்டி கத்துதுடா" என்று ஆட்டத்தையே நிறுத்திவிட்டுச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு வெகு காலம் அவன் வாய் திறந்து எந்தச் சத்தமும் எழுப்பி நான் கேட்டதில்லை. சிரிப்பைக்கூட மூக்கோடு அடக்கிக்கொள்வான். அணிக்குத் தலைவன் எங்கள் பெரியப்பா மகன். "புடிக்கறதுக்கு நிக்கட்டும், பாடப் போவ வேணாம்" என்று அவன் முடிவு கட்டிவிட்டான். முறை வரும்போதெல்லாம் அண்ணனைத் தாண்டி அடுத்தவன் போனான்.

சைகோனில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்த எங்கள் மாமா ஒரு விடுமுறைக்கு வந்தபோது இந்த ஊதலை அண்ணன் கையில் கொடுத்தார். "மாட்டக் கூப்புட ஆவும், வச்சுக்கடா" என்றார். அண்ணன் மாட்டைக் கூப்பிடவில்லை. என் கையைப் பிடித்து வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்துப்போய், கால் கட்டைவிரலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, என்னை அந்தப் பக்கம் நிறுத்தினான். பிறகு ஊதலை வாயில் வைத்து, ஒரே மூச்சாக ஊதியபடி கோட்டைத் தாண்டி என்னை நோக்கி வந்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டுக்குப் பதில் ஊதல். மூச்சு இருக்கும்வரை சத்தம் இருக்கும், மூச்சு விட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். வாய்க்குள் முணுமுணுத்து ஏமாற்றுகிறவர்களின் பாட்டைவிட இது எவ்வளவோ மேல்.

பெண் பிள்ளைகளுக்குச் சடுகுடு கிடையாது. அவனோடு ஆட ஆளில்லை, என்னோடு ஆடவும் ஆளில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வைக்கோல் போர் மறைவு போதுமாக இருந்தது. நான் அவன் கணுக்காலைத்தான் குறி வைப்பேன். இரண்டு கையாலும் கவ்வி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிடுவேன். தங்கச்சியாயிற்றே என்றெல்லாம் அவன் பார்க்க மாட்டான். உதறுவான், கட்டை வண்டியை இழுப்பது போல என்னை இழுத்துக்கொண்டே கோட்டுக்குப் போவான். என் முழங்கைத் தோல் வழன்றுவிடும். நான் பிடித்த நொடியில் ஊதலின் சத்தம் இடறும். நடுங்கும், ஏறும், இறங்கும். கடைசியில் மூச்சு அறுந்துபோனால் உள்ளங்கையால் தரையைத் தட்டுவான். தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். தோற்றுவிட்டுக் கிடக்கும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை.

அந்த மார்கழியில் நான் வயதுக்கு வந்தேன். "இனிமே வாசப்படி தாண்டுன, கால ஒடிச்சிடுவேன்" என்றாள் அம்மா. சாயங்காலம் அண்ணன் ஊதலோடு தோட்டத்துக் கதவருகில் வந்து நின்றான். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கெஞ்சிக் கேட்க அவனிடம் பேச்சில்லை. என்னிடம் பேச்சு இருந்தது, அதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ஒரே வீட்டுக்குள் அவன் ஒரு மூலையிலும் நான் ஒரு மூலையிலுமாக இருந்தோம்.

காணும் பொங்கலுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஊரிலிருந்து ஆட வந்திருந்தார்கள். அண்ணன் ஊதலை இடுப்பில் சொருகிக்கொண்டு போனான். பெரியப்பா மகனிடம் ஊதிக் காட்டித் தன்னையும் பாடப் போகவிடச் சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். நான் உள்ளறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்திருந்தேன். கூச்சல், கைத்தட்டல், மறுபடி கூச்சல். திடீரென்று அந்தச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டார்கள், அண்ணனை விட்டுவிட்டார்கள் என்று நான் அறைக்குள்ளேயே குதித்தேன். சத்தம் நீண்டு போனது. இப்போது பிடிப்பார்கள், இப்போது இடறும் என்று காத்திருந்தேன். அது இடறவே இல்லை. தண்ணீர் ஊற்றுவது போல ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. நான் மட்டும் குதிப்பதை நிறுத்திவிட்டேன்.

தோளில் மாலையோடு அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பெரியப்பா மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான் சித்தி அவங்ககிட்ட சொல்லி வச்சேன். பாவம் ஊமைப் புள்ள, யாரும் புடிக்காதீங்கப்பா, நல்ல நாளும் அதுவுமா சந்தோஷமா இருந்துட்டுப் போவட்டும்னு. அத்தினி பேரும் தானா தொட வுட்டாங்க" என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்குக் கரும்பு கொடுத்தாள். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வாய் வலிக்கத் திட்டித் தீர்த்திருப்பேன்.

அண்ணன் மாலையை மாட்டின் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளறைக்கு வந்தான். குனிந்து தன் கணுக்காலைத் தானே இறுக்கிப் பிடித்தான். பிறகு கையை எடுத்து, விரல்களை விரித்து என்னிடம் காட்டினான். யாரும் பிடிக்கவில்லை. ஊதலை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் கோயில் பக்கம் ஆடப் போகவே இல்லை. ஆட்டம் நடக்கும் நேரத்தில் தனியாக வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருப்பான். எப்போதும் போல ஊர் அவனை மறந்துவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து என்னை வில்லியனூரில் கட்டிக்கொடுத்தார்கள். வண்டி ஏறும்போது, "அண்ணன் கால்ல வுழுடி" என்றாள் அம்மா. விழுந்தேன். தலைக்கு நேரே அந்தக் கணுக்கால். என்ன நினைத்தேனோ தெரியாது, இரண்டு கையாலும் கவ்வி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன். அவன் ஒரு கணம் மலைத்துப் போனான். பிறகு உதறினான். சும்மா அல்ல, முழு பலத்தோடு உதறினான். கூறைப்புடவையோடு என்னை வாசல் முழுக்க இழுத்தான். "ஐயய்யோ, புள்ளைக்கு இன்னாவோ ஆயிடுச்சே" என்று அம்மா அலறினாள். மாப்பிள்ளை வீட்டார் வாயைப் பிளந்தார்கள். நான் விடவில்லை. அவன் நிலைதடுமாறிப் புழுதியில் விழுந்தான், விழுந்தபடியே சிரித்தான். தொண்டை திறந்து, கன்றுக்குட்டி கத்துவது போல, அத்தனை பேர் முன்னாலும் சிரித்தான். பிறகு உள்ளங்கையால் தரையைத் தட்டினான்.

கல்யாணம் இல்லாமல், மாடுகளோடு மாடாக இருந்து அவன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. இப்போது பேத்திகள் லீவுக்கு வந்தால் என்னோடு தாயம் ஆடுகிறார்கள். வெட்ட வேண்டிய என் காயை வெட்டாமல் தாண்டிப் போகிறார்கள். "ஆயா பாவம், ஜெயிக்கட்டும் வுடுடி" என்று ஒருத்தி இன்னொருத்தி காதில் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஜெயித்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொள்கிறேன்.

நேற்று மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. பெட்டியைத் திறந்து ஊதலை எடுத்து, பொக்கை வாயில் இறுக்கி வைத்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதினேன். சத்தம் சன்னமாகத்தான் வந்தது. கூடத்தைத் தாண்டி வாசல்வரை போய் ஓய்ந்தது. ஓர் இடத்தில்கூட இடறவில்லை.