படித்துறையில் ஒன்பது வள்ளம்

சோசாம்மா எந்த வீட்டுப் படித்துறையில் வள்ளத்தைக் கட்டுகிறாரோ, அந்த வீட்டில் ஆறு மாதத்துக்குள் புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்துவிடுவார்களாம். எனக்குச் சொன்னவர் மீன்காரர் பேபிச்சன். அவருக்குச் சொன்னது அவருடைய மைத்துனி. மைத்துனிக்குச் சொன்னது யாரென்று அவருக்குத் தெரியவில்லை. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவங்க வாத்து முட்டை இல்லாம எங்க வீட்ல அடுப்பு எரியாது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் சோசாம்மா நாலு தென்னை தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாத்துகளை வரப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேல் பேச்சு நன்றாகவே கேட்கும். "பேபிச்சா, மத்தி மேல வெயில் படுது பாரு, மூடு" என்றார். அவ்வளவுதான்.

ஐம்பத்தாறு வயது. நைட்டி, தோளில் ஒரு ஈரிழைத் துண்டு, தலையில் பாக்குப்பாளைத் தொப்பி. போனை நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். பல வருடத்துக்கு முன், புருஷன் போனபோது கையில் ஒன்றுமில்லாமல் நின்றவருக்கு முதல் நூறு குஞ்சுகளை வாங்கிக் கொடுத்தது இந்தக் கால்வாய்க்கரைப் பெண்களின் அக்கம்பக்கக் குழுவான அயல்கூட்டம். இப்போது அதற்கு அவர்தான் செயலாளர். தென்காசிப் பக்கமிருந்து வந்து இங்கே பதினோரு வருடமாக இருக்கும் என்னை, இரண்டு மொழி படித்தவள் என்பதற்காகக் கூட்டத்தில் பேசுவதை எழுதும் வேலையில் உட்கார வைத்தவரும் அவர்தான். வெளியே கிளம்பும்போது நான் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். "போதும் பாண்டிக்காரி, பூட்டு அழுதிடும்" என்பார்.

கூட்டம் ஞாயிறு இரண்டு மணிக்கு. வாரம் ஒரு வீடு, வரிசைப்படி. வீட்டுக்காரிக்குப் பாத்திரம் கழுவும் வேலை வைக்கக்கூடாது என்பதால் அவரவர் தம்ளரை அவரவரே கொண்டுபோக வேண்டும். படித்துறையில் ஒன்பது வள்ளம் கட்டியிருந்தால் அக்கரைக்கும் தெரியும். முறைப்படி வந்திருந்தால் அது வெறும் கூட்டம். முறை தப்பி வந்திருந்தால், அந்த வீட்டுக்காரன் கை நீட்டுகிறான் என்று கால்வாய் முழுக்கப் புரிந்துகொள்ளும்.

சோசாம்மா அவனைத் திட்டமாட்டார். போலீஸ் என்ற சொல்லையே எடுக்கமாட்டார். "மோனே, அந்த பெஞ்சை எடுத்துப் போடு. குடிக்கத் தண்ணி கொண்டா. உன் அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். அடுத்த ஞாயிறும் அதே வீடு. அதற்கடுத்த ஞாயிறும். "மூணு வாரம் எங்களுக்கு பெஞ்சு தூக்கினவன், அப்புறம் கையைத் தூக்கறதுக்கு முன்னாடி படித்துறையை ஒரு தரம் எட்டிப் பார்ப்பான்" என்பது அவர் கணக்கு.

ஒருமுறை லில்லியின் வீட்டில் முறை தப்பிக் கூட்டம் போட்டோம். முறைக்காரி வீட்டில் முழங்கால் வெள்ளம், அதனால்தான். அன்று கள்ளுக்கடையில் லில்லியின் புருஷன் குரியாச்சனோடு ஒருவரும் பேசவில்லையாம். மறுநாள் விடியுமுன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு சோசாம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"சேச்சி, நான் இவளை ஒரு வார்த்தை சொன்னதுண்டா? கேளுங்க!"

"சொன்னதுண்டு. என் மீன் குழம்பைப் பத்தி" என்றாள் லில்லி.

சோசாம்மா சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளத்தால்தான் இடம் மாறியது என்று என்னிடம் எழுதி வாங்கி, படகுத்துறைக் கம்பத்தில் ஒட்டினார்.

அம்பிளி பேச்சு வந்தால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். ஆறு வருடத்துக்கு முன் அவளைக் கேட்காமலே அவள் வீட்டில் கூட்டம் வைத்தார் சோசாம்மா. அவள் புருஷன் பெஞ்சு போட்டான், கட்டன் சாயா கொடுத்தான், எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். மறுநாள் முதல் படகில் அவளை ஏற்றிக்கொண்டு மலைப்பக்கம் போனவன்தான். இன்றுவரை தகவல் இல்லை. பேபிச்சனின் மைத்துனிக்கு எட்டிய வதந்தி ஒருவேளை அங்கே முளைத்ததாக இருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு விதி: "அவ வாயால 'வாங்க சேச்சி'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் போவேன்."

இந்த ஞாயிறு என் வீட்டு முறை. கப்பை என்று இங்கே சொல்லும் மரவள்ளிக்கிழங்கு வேகவைத்திருந்தேன். எட்டு வள்ளம்தான் வந்தது. ஷைபி வரவில்லை. எனக்கு நேர் எதிர்க்கரையில் இருப்பவள், இருபத்தேழு வயது. மூன்று வாரமாக வரவில்லை: முதலில் காய்ச்சல், பிறகு விருந்தாளி, பிறகு காரணமே இல்லை.

"நேத்து ஒரு கையாலே துணி துவைச்சுக்கிட்டு இருந்தா" என்றேன்.

"எந்தக் கை?"

"இடது கை."

"அவ வலது கைக்காரி" என்றார் சோசாம்மா. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

ஷைபியின் போன் அடிப்பது இக்கரைக்கே கேட்டது. அவள் புருஷன் பென்னியின் வள்ளம் படித்துறையில்தான் கிடந்தது. மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தரமும் ஓய்ந்தது.

"கேக்காமலே போயிடலாம் சேச்சி" என்றாள் லில்லி.

"அம்பிளி வீட்டுக்கு அப்படித்தான் போனோம்."

"அப்போ இங்கேயே உக்காந்து கப்பை தின்னுக்கிட்டு இருக்கலாமா?"

சோசாம்மா கப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "கடைசியா வந்தப்போ அவ தம்ளரை மறந்துட்டுப் போனாளே, அது உன்கிட்டதானே இருக்கு?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். அடியில் ஷைபியின் பெயர் ஆணியால் கீறியிருந்தது.

"தம்ளர் கொடுக்க வந்தேன்னு சொல்லலாம். நான் மட்டும் போறேன். அவ முகத்தைப் பார்த்துக் கேக்கறேன். நீங்க எல்லாரும் அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி வள்ளத்துப் பக்கத்துல நில்லுங்க. கத்தாதீங்க, பேசிக்கிட்டு இருங்க."

மூன்றாம் முறை அழைப்பைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, போனை வள்ளத்துப் பலகைமேல் வைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். பேசச் சொன்னாரே என்று, கப்பையில் உப்புக் குறைவு என்று லில்லி ஆரம்பித்தாள்.

கால்வாயின் நடுவைத் தாண்டியதும் சோசாம்மா கழியை உள்ளே இழுத்துப் போட்டார். வள்ளம் தானாக வழுக்கிக்கொண்டு எதிர்ப் படித்துறையை நோக்கிப் போனது. பலகைமேலும் அந்த வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் தோள் துண்டை உருவி, ஷைபியின் தம்ளரை உள்ளும் புறமும் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.