ஏப்பம் டீச்சர்

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினெட்டு வருஷமாக அறிவியல் கற்பிக்கும் அவருக்கு இந்தப் பட்டப்பெயர் ஒரே பிற்பகலில் வந்து ஒட்டிக்கொண்டது. கணவர் கறிக்கடை வைத்திருக்கிறார். அந்த வருஷம் பாடத்திட்டத்தில் புதிதாக நுழைந்த தலைப்போ, இறைச்சி உண்பதும் பருவநிலை மாற்றமும்.

"நம்ம சோத்துல நீயே மண்ணள்ளிப் போடப் போறியா?" கணவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கத்தி தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"பாடம்தான் நடத்தப் போறேன். தைரியம் இருந்தா வந்து உட்காருங்க."

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேவிட்டார். முதல் பெஞ்சு. பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கறி வாங்குகிறவர்கள்.

"இன்னிக்கு இவர்தான் உங்க மாணவர்," என்றார் டீச்சர். "ஒவ்வொருத்தரா வந்து நடத்துங்க."

முதலில் எழுந்த பெண் பலகையில் அழகாகப் படம் போட்டாள். "கறி திங்கிறவங்கதான் உலகத்தைக் கெடுக்கிறாங்க" என்று முடித்தாள். கடைக்காரர் தலை கவிழ்ந்தது.

டீச்சர் குறுக்கிட்டார். "நாளைக்கு உன் வகுப்புல ஒரு பிள்ளையோட அப்பா கறி வெட்டுறவரா இருந்தா, அந்தப் பிள்ளை அதுக்கப்புறம் நீ சொல்ற எதையாவது காதுல வாங்குமாம்மா?"

அடுத்தவன் நெட்டையன், கூச்ச சுபாவம். "மாட்டு வயித்துல புல்லு புளிக்கும்போது மீத்தேன்னு ஒரு வாயு வருது. அது வெப்பத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். அது வெளிய எப்படி வருதுன்னா..." முகம் சிவந்து நின்றுவிட்டான்.

கடைக்காரர் கையைத் தூக்கினார். "பின்பக்கமாவா, சார்?"

வகுப்பே குலுங்கியது.

"பெரும்பாலும் முன்பக்கம்தான். ஏப்பமா," என்ற டீச்சர் அதோடு விட்டாரா? மேசையைப் பிடித்தபடி அசைபோட்டு, ஒரு நீண்ட ஏப்பத்தை விட்டே காட்டினார். அந்த நேரம் பார்த்து முதல்வர் கதவைத் திறந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

கடைக்காரர் எழுந்து நின்றார். "பருவநிலை மாற்றம் சார்."

முதல்வர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் நெட்டையனுக்கு வாய் தடையில்லாமல் வந்தது. மாட்டுக்கறியைவிடக் கோழிக்கறியால் பூமிக்கு வரும் சூடு எவ்வளவோ குறைவு, பருப்பால் அதைவிடக் குறைவு என்று அவன் விளக்க, கடைக்காரர் எழுதிக்கொண்டார்.

"நியாயமாத்தான் இருக்கு," என்றார் வீடு திரும்பும்போது. "அதுக்காகக் கடைய மூட முடியாது."

"மூடச் சொன்னேனா?"

மாட்டுக்கறியை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்தார். கடை படுத்துவிடவில்லை.

அடுத்த மாதம் நெட்டையன் பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு எடுத்தபோது, பிள்ளைகளிடம் பேச அவரையே கூப்பிட்டான். அரை நாள் கடையை அடைத்துவிட்டுப் போனவர், சாயங்காலம் துள்ளிக் குதிக்காத குறையாக வந்தார்.

"முப்பது கேள்வி கேட்டாங்க தெரியுமா. பாதிக்குத்தான் பதில் தெரிஞ்சுது. மிச்சத்தை வீட்டுல கேட்டு வந்து சொல்றேன்னுட்டேன். உட்காரு, ஆரம்பிக்கலாம்."