பம்ப் ரூம் சாவி ஜமீலாக்காவிடம்

சென்ற மாதம் எங்கள் அபார்ட்மென்ட் நீச்சல் குளத்துக்குள் ஒரு பீச் முளைத்தது.

நிஜமாகத்தான். காலையில் போய்ப் பார்த்தால் தரை டைல்ஸ் மேல் பழுப்பு நிறத்தில் மணல்... அங்கங்கே அலை அடித்த மாதிரி வரி வேறு. சுண்டல் விற்பவர் மட்டும்தான் பாக்கி.

திருவொற்றியூரில் இருந்துகொண்டு நீச்சல் குளமா என்று கேட்காத விருந்தாளி கிடையாது. பக்கத்திலேயே கடல் இருக்கிறதே! இருக்கிறது. ஆனால் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி, கரையில் கொட்டி வைத்திருக்கும் பாறாங்கற்கள் மேல் ஏறி இறங்கினால்தான் எங்கள் பக்கம் கால் நனைக்க முடியும். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கே அது சர்க்கஸ்.

எங்கள் குளமும் பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்சம் பெரிய அண்டா. அதற்கு நான்தான் பொறுப்பாளர். எப்படி ஆனேன்? மீட்டிங்கில் எழுந்து, "தண்ணீர் ஏன் கலங்கலாக இருக்கிறது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கைதட்டி என் தலையில் கட்டிவிட்டார்கள். எந்த அசோசியேஷனிலும் கேள்வி கேட்பவர்தான் அடுத்த பொறுப்பாளர்... தெரியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

இந்தக் குளம் யாருக்கு இருக்கிறதோ இல்லையோ, இரண்டாவது மாடி ஜமீலாக்காவுக்கு இருந்தாக வேண்டும். ராயபுரத்தில் கல்யாண வீடுகளுக்கு அண்டா அண்டாவாக பிரியாணி போட்டுக் கொடுத்தவர். காலமெல்லாம் அடுப்படியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் ஆகிவிட்டது. தரையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். "தண்ணீரில் நடங்கள், கால் சரியாகும்" என்றார் டாக்டர். துபாயில் இருக்கும் மகள் கழுத்து முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சல் உடை வாங்கி அனுப்பினாள். சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை பெண்கள் நேரம் என்று சண்டை போட்டு வாங்கினோம்.

"தண்ணீல எறங்கினா என் காலு எனக்குத் திரும்பக் கெடச்சா மாரி கீதும்மா" என்பார். அந்த ஒரு மணி நேரம் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கூல் விட்ட பிள்ளை மாதிரி இருக்கும்.

சரி, பீச் கதைக்கு வருகிறேன்.

குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய பம்ப் ரூமில் உருண்டையாக ஒரு டாங்க் இருக்கிறது. உள்ளே முக்கால்வாசி மணல். தண்ணீர் மேலே நுழைந்து, மணல் வழியாகக் கீழே இறங்கி, அழுக்கை அங்கேயே விட்டுவிட்டு, அடியிலுள்ள குழாய்கள் வழியாகக் குளத்துக்குத் திரும்பும். அந்தக் குழாய்களில் மெல்லிய கீறல் கீறலாக இருக்கும். தண்ணீர் போகும், மணல் போகாது. இதுதான் ஃபில்டர். சில வருடங்களில் மணல் தேய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கில் கட்டி தட்டிவிடும். அப்போது மாற்ற வேண்டும். எங்களுடையது மாற்ற வேண்டிய காலத்தைத் தாண்டி ரொம்ப நாளாகிவிட்டது.

மாற்றலாம் என்றதும் எங்கள் தலைவர் அண்ணாச்சி சிரித்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் முழு விலை கொடுத்து வாங்கினால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

"கடலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு யாராவது மணலைக் கடையில போய் வாங்குவாங்களாம்மா? நம்ம வண்டி முகத்துவாரக்குப்பத்துக்கு தெனமும் சரக்கு போடப் போகுதுல்லா? வரும்போது ரெண்டு மூட்டை அள்ளிப் போட்டுட்டு வந்திரும்."

கடற்கரை மணலை அப்படி அள்ளக் கூடாது, சட்டப்படி தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லி முடிப்பதற்குள் மணல் வந்து இறங்கிவிட்டது. சலித்தார்கள், அலசினார்கள், கொட்டினார்கள், மோட்டாரைப் போட்டார்கள்.

கடல் மணல் ரொம்பப் பொடி. குழாய்க் கீறல்கள் வழியாக ஜோராக நழுவி, நேரே குளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பீச் முளைத்தது இப்படித்தான்.

இன்னொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அண்ணாச்சிக்கோ புது யோசனை பிறந்துவிட்டது.

"எதுக்கும்மா இந்த வம்பு? பேசாம குளத்தை மூடிருவோம். மேல காரு நிப்பாட்டலாம். ரோட்டுல நிக்க வண்டியெல்லாம் கரி படிஞ்சு எப்படிக் கெடக்கு பாருங்க."

கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரர் உட்பட! அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. அன்று காலையில் குளத்தின் ஆழமான பக்கம், தரையில் தண்ணீர் வெளியேறும் ஓட்டையின் ஜாலி மூடி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் குளம். தெரியாவிட்டால் பார்க்கிங் என்று அண்ணாச்சி கெடு வைத்துவிட்டார்.

ஜமீலாக்கா வாக்கரைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மறுநாளே பிளம்பர் மோகனைப் பிடித்தேன். அவன் மூன்று பாலித்தீன் கவரில் சாம்பிள் கொண்டுவந்தான். ஃபில்டருக்குள் போடும் சரக்கை மீடியா என்கிறார்கள். ஜவுளிக்கடையில் புடவையை விரிப்பது போல ஒவ்வொன்றாக விரித்தான்.

"அக்கா, இது கிளாஸ் மீடியா. கண்ணாடிய ஒடச்சு செஞ்சது. ஃபாரின் ஐட்டம், ரொம்ப வருசம் உழைக்கும். இது ஜியோலைட்டு. ஒவ்வொரு துண்டுலயும் பொடிப்பொடியா ஓட்டை கீது, பொடி அழுக்கக்கூட புடிச்சிக்கும். இது ஃபில்டர் மணலு. பழைய பார்ட்டி, நம்பிப் போடலாம்."

எனக்குக் கண்ணாடி மேல் ஆசை வந்தது. வெயிலில் அப்படி மின்னியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமீலாக்கா நிமிர்ந்தார்.

"கண்ணாடியா? நானு வெறுங்கால்ல நடக்குற தண்ணீல கண்ணாடித் தூளா? இன்னாப்பா, வெளாட்றியா?"

"ஐயோ, கைல தேச்சுப் பாரும்மா, கிழிக்காது. அதுவும் டாங்க்குள்ளதான் இருக்கும். வெளிய வராது."

"கடல் மணலயும் அப்பிடித்தான் சொன்னீங்கோ. வந்துச்சா, இல்லியா?"

மோகன் கண்ணாடிக் கவரைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டான். ஜியோலைட்டு ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்றான். ஆக, மணல். கையில் எடுத்துப் பார்த்தேன். பம்பாய் ரவை மாதிரி எல்லாம் ஒரே அளவு. கடல் மணல் இதற்குப் பக்கத்தில் மைதா.

டாங்க்கில் மிச்சமிருந்த கடல் மணலை அள்ளிவிட்டு, பாதி தண்ணீர் நிரப்பி, அடியில் கூழாங்கல், அதன் மேல் மெதுவாக மணல். வெறும் டாங்க்கில் கொட்டினால் குழாய் உடைந்துவிடுமாம். குளத்து அடியில் கிடந்த பீச்சை உறிஞ்சி வெளியே தள்ளினோம். மோட்டார் ஓடியது. எல்லாம் முறைப்படி.

இங்கேதான் நான் நுழைந்தேன்.

என் துடைக்கும் வியாதியைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பே புலம்பியிருக்கிறேன். எங்கள் ஏரியாவில் காலையில் துடைத்த பால்கனியில் மதியம் நடந்தால் உள்ளங்கால் கறுப்பு. கரித்தூளா, சாம்பலா, லாரிப் புகையா... யாருக்குத் தெரியும்? நாங்கள் கறுப்பைப் பார்த்தால் யோசிப்பதில்லை. கை தானாகத் துணியைத் தேடும். விருந்துக்குப் போன வீட்டில்கூட ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டு வந்தவள் நான்.

ஃபில்டரில் பேக்வாஷ் என்று ஒன்று உண்டு. கைப்பிடியைத் திருப்பினால் தண்ணீர் கீழிருந்து மேலாக ஓடி, மணலில் சிக்கிய அழுக்கை வெளியே தள்ளும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. முதல் முறை திருப்பினேன். குப்பியில்... கறுப்பென்றால் கறுப்பு, அப்படி ஒரு கறுப்பு!

சும்மா விடுவேனா? தெளியும்வரை கழுவினேன். மறுநாள் காலையில் மறுபடி திருப்பினேன். மறுபடி கறுப்பு. சாயங்காலம் ஒரு தடவை. ராத்திரி படுத்தால், அந்த டாங்க்குக்குள் அழுக்கு உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு அரித்தது. "கழுவக் கழுவ நல்லதுதாங்க்கா" என்று மோகனும் ஏற்றிவிட்டான்.

நல்லதாகவில்லை. வியாழக்கிழமையும் குளம் மோர் நிறத்திலேயே இருந்தது. ஜாலி மூடியா? இரண்டாம் படியே தெரியவில்லை. அண்ணாச்சி வாக்கிங் போகிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். போகும்போது விசில் வேறு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு தடவை கழுவலாம் என்று பம்ப் ரூமுக்கு ஓடினேன். வாசலில் ஜமீலாக்கா, வாக்கரைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

"கழுவப் போறேங்க்கா. உள்ளே அவ்வளவு அழுக்கு."

"அழுக்கு உள்ள கீதுன்னா அது வேல செய்துன்னு அர்த்தம். தம் போட்டுட்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி மூடியத் தொறந்து பாத்தா பிரியாணி வேகுமா? எப்போ பாரு தொறக்குற, மூடுற, கழுவுற. அத்த வுடும்மா. உன்னால அது பேஜாராயிட்ச்சு."

"ஞாயிற்றுக்கிழமை தெளியலைன்னா..."

"எனக்கில்லாத பயமா ஒனக்கு? சாவியக் குடு."

கொடுத்தேன். கல்யாண சமையலில் ஐம்பது பேரை விரட்டி வேலை வாங்கிய குரல் அது. தொழுது முடித்து எண்ணும் தஸ்பீஹ் மணி வைக்கும் சின்னப் பையில் சாவியைப் போட்டு, சுருக்கை இழுத்துவிட்டார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் பட்ட பாடு... வீட்டில் இல்லாத அழுக்கையெல்லாம் துடைத்தேன். சனிக்கிழமை தாங்க முடியாமல் ஜமீலாக்கா வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினேன். கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, "சாவி இல்ல. டீ கீது, குடிக்கிறியா?" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை. அண்ணாச்சி குளத்தோரம் நிற்கிறார். பின்னால் கார்க்காரர்கள். எனக்குக் கிட்டப் போக தைரியம் இல்லை. அண்ணாச்சி குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"தெரியுதே..." என்றார். குரலில் அப்படியொரு சோகம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஜாலி மூடி மட்டுமா? அதன் கம்பிகள், டைல்ஸ் இடுக்கு, மூலையில் ஒட்டியிருந்த அந்தப் பழைய கடல் மணல் துளி... எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன். கழுவிய புது மணலில் இடைவெளி அதிகம். பொடி அழுக்கு சுலபமாக நழுவிப் போய்விடும். கொஞ்சம் அழுக்கு சேர்ந்து அந்த இடைவெளிகளை அடைத்தால்தான் அடுத்து வரும் பொடி சிக்கும். டாங்க் மேலிருக்கும் அழுத்த மீட்டரில் முள் நன்றாக ஏறிய பிறகுதான் கழுவ வேண்டும். நான் என்ன செய்தேன்? அது பிடிக்கப் பழகுவதற்குள் தினமும் குளிப்பாட்டிவிட்டேன். அதிகச் சுத்தக்காரர்கள் வீட்டில் எந்த வேலைக்காரியும் நிலைக்க மாட்டாள் என்பார்கள். ஃபில்டரும் அப்படித்தான் போலிருக்கிறது.

பொதுக்குழு பத்தே நிமிடத்தில் முடிந்தது. குளம் குளமாகவே இருக்கும். அண்ணாச்சியே கை தூக்கினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம் ஜமீலாக்கா வாக்கரை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து இறங்கினார். முதல் படி, இரண்டாம் படி. தரையில் நின்றதும் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "என்னங்க்கா?" என்றேன்.

"என் காலு தெரியுதும்மா" என்றார். "இத்தினி நாளா கலங்கல் தண்ணீல படி எங்க கீது, தர எங்க கீதுன்னு பயந்துகினேதான் நடந்தேன். ஒன்னான்ட சொல்லல. சொன்னா மூடிருவாங்கோன்னு."

கம்பியை விட்டார். நடந்தார். குளத்தின் அந்தப் பக்கம் போய்த் தொட்டுவிட்டு, தன் கால்களைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார்.

அந்த நேரம் பார்த்து, தெளிந்த தண்ணீரை இன்னொரு தடவை ரசிக்க அண்ணாச்சி கேட்டைத் திறந்து தலையை நீட்டினார்.

"நைனா, இது பொம்பளைங்க டைமு. கெளம்பு!"

ஜமீலாக்கா போட்ட சத்தத்தில், தலைவர் போன வேகம் இருக்கிறதே... அவர் காரில்கூட அந்த வேகத்தில் போனதில்லை.

பம்ப் ரூம் சாவியா? அது இன்னும் தஸ்பீஹ் பையில்தான் இருக்கிறது. முள் ஏறினால் மட்டும் எனக்குக் கிடைக்கும்.