ஓஸ்லோவில் வாங்கிய பச்சைக் கம்பளி பெரே

போன பதிவின் படத்தில் நான் போட்டிருந்த தொப்பி எங்கே வாங்கியது, என்ன விலை என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓஸ்லோவில் வாங்கியது. கடையையும் விலையையும் சொல்ல இரண்டு வரி போதும். ஆனால் அதை வாங்கிய அன்று நடந்ததை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக இறங்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் போனேன். அந்தக் குளிரில் எவனாவது நார்வே போவானா என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்குத் திருப்பூரில் பின்னலாடைத் துணியின் தரம் பார்க்கும் வேலை. அப்போதுதான் விடுப்பு கிடைத்தது. போன காரணம் என் தங்கை கவிதா. மேல்படிப்புக்கு ஓஸ்லோ போனவள், அங்கேயே யாழ்ப்பாணத்துக்காரரான ரஞ்சனைக் கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டாள். ஒன்பது வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ரஞ்சன் அங்கே ட்ராம் ஓட்டுகிறார். ஓஸ்லோக்காரர்கள் அதை ட்ரிக் என்கிறார்கள். ஆறடி ஆள், சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். நான் அவரை மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நான் "பேசலாம்" என்றால் அவர் "கதைப்பம்" என்பார். இதை வைத்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதுதான் எங்கள் உறவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கோவையில் ஏறி, டெல்லியிலும் ஐரோப்பாவில் ஓரிடத்திலும் மாறி, ஓஸ்லோவில் இறங்கினால் வெளியே மைனஸ் பதினொன்று. விமான நிலையத்திலிருந்து நகரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். தனியாக ஒரு விரைவு ரயில் உண்டு. அதன் கட்டணம் இரட்டிப்புக்கு அருகில். சாதாரண ரயில் சில நிமிடமே கூடுதல், சுமார் நூற்று முப்பது குரோனர். நம் பணத்தில் ஒரு குரோனர் எட்டு ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைய நிலையத்தில் உள்ளூர் ரயிலுக்கு மாறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஹவுகெட்டோ. அங்கேதான் தங்கை வீடு.

எனக்கு முப்பது வயதிலேயே முன்தலை வழுக்கை. அந்தக் காற்று மண்டையில் பட்டபோது யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது. ஊட்டிக்குப் போட்டுப் போகும் குரங்குக் குல்லாயைக் கொண்டுபோயிருந்தேன். அதைப் பார்த்ததும் கவிதா, "அண்ணா, இதைப் போட்டுட்டு என்கூட ரோட்ல நடந்தீங்கன்னா நான் எதிர் ரோட்ல நடப்பேன்" என்றாள். அவளே ஒரு தொப்பிக் கடையைச் சொன்னாள். க்ரூனர்லொக்கா என்ற பகுதி. மைய நிலையத்துக்கு வெளியிலிருந்து ட்ரிக்கில் பத்து நிமிடம். அந்த ஹவுகெட்டோ ரயில் சீட்டே ஒரு மணி நேரத்துக்குள் ட்ரிக்குக்கும் செல்லும். வெள்ளிக்கிழமை மதியம் தனியாகக் கிளம்பினேன்.

சின்னக் கடை. இங்கெர் என்ற அறுபது வயதுப் பெண்மணி நடத்துகிறார். நன்றாக ஆங்கிலம் பேசினார். தலையில் சாம்பல் நிற பெரே, மெத்தென்ற தட்டை வட்டத் தொப்பி. நார்வேக்காரர்கள் இதை அல்பெலூயெ, அதாவது ஆல்ப்ஸ் தொப்பி, என்கிறார்களாம். துணித் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் கடையில் நேரம் போனதே தெரியவில்லை. பெரே தைத்த தொப்பி அல்ல. பாதி முடிந்த பனியன் போல தொளதொளவென்று பெரிய வட்டமாகக் கம்பளி நூலில் பின்னுகிறார்கள். பிறகு வெந்நீரில் போட்டு அடித்து அடித்துச் சுருக்குகிறார்கள். பின்னல் கண்ணே தெரியாமல் இறுகிப்போகிறது. உச்சியில் காம்பு போல நீட்டிக்கொண்டிருப்பது பின்னல் முடிந்த இடத்து நுனி. எங்கள் கம்பெனியில் துணி சுருங்கினால் லோடையே திருப்பி அனுப்புவார்கள். இங்கே சுருங்குவதற்குத்தான் காசு!

இங்கெர் என் நெற்றியைச் சுற்றி, காதுக்கு மேலே, டேப் வைத்து அளந்தார். அகல முகத்துக்குக் கொஞ்சம் பெரிய வட்டம் வேண்டும் என்றார். தொப்பியை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார், ஒளி கசியவில்லை. மேலே சொட்டுத் தண்ணீர் விட்டார். முத்தாக உருண்டு விழுந்தது. நீலம், கடுகு மஞ்சள், கறுப்பு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு அடர் பச்சையை எடுத்தேன். எழுநூறு குரோனர். விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. ஆனால் அந்தத் தலை முதல்முறையாகச் சூடாக இருந்தது. "பின்னால் தள்ளி, தளர்வாகப் போடுங்கள். தட்டையாக அழுத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்.

நான் அப்படிப் போடவில்லை. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு பெரே என்றால் என்.சி.சி.தான். சுதந்திர தின அணிவகுப்பு, அது முடிந்ததும் பூரி கிழங்கு. பழக்க தோஷத்தில் ட்ரிக் கண்ணாடியைப் பார்த்தே தொப்பியை முன்னுக்கு இழுத்து, வலது புருவத்தின்மேல் சரித்து, கையால் தட்டையாக்கிக்கொண்டேன். எனக்கே கம்பீரமாகத் தெரிந்தது.

ஹவுகெட்டோவில் இறங்கியபோது ஐந்தரை மணிதான். ஆனாலும் நன்றாக இருட்டிவிட்டது. வழியில் கவிதா சொன்ன மளிகைச் சாமான் வாங்கியதில் இரண்டு கையிலும் பை. என் ஜாக்கெட் எங்கள் கம்பெனி ஏற்றுமதியில் மிஞ்சியது. ஆலிவ் பச்சை, தோளில் பட்டி, மார்பில் பெரிய பாக்கெட்டுகள். மாடிப்படி விளக்கு எனக்குப் பின்னால் எரிந்தது. அழைப்பு மணியை அமுக்கக் கை இல்லாததால் பூட்ஸ் முனையால் கதவைத் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டியிருக்க வேண்டும்.

ரஞ்சன் கதவைத் திறந்தார். வாயைத் திறந்து ஏதோ கேலி சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிவதை என் கண்ணால் பார்த்தேன். இரண்டடி பின்னால் போனார். முதுகு சுவரில் இடித்தது. இரண்டு கையும் தானாகத் தோளுக்கு மேலே உயர்ந்தன.

"ஐசி உள்ளை இருக்கு சேர்" என்றார். அது அவர் குரலே அல்ல. ஒரு சின்னப் பையனின் குரல். "எடுத்துக்கொண்டு வாறன் சேர். உள்ளைதான் இருக்கு."

எனக்கு எதுவும் புரியவில்லை. அவர்கள் ஊரில் ஐசி என்றால் அடையாள அட்டை, சேர் என்றால் சார் என்பதுகூட அப்போது தெரியாது. விளையாடுகிறார் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். பிறகு அவர் கைகள் இன்னும் இறங்காததைப் பார்த்தேன்.

"மாப்ள, நாந்தானுங்க. என்னாச்சு?"

கவிதா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பைகளைக் கீழே போட்டுத் தொப்பியைப் பிடுங்கி எடுத்தேன். ரஞ்சன் என் வழுக்கையைப் பார்த்தார். அப்போதுதான் கையை இறக்கினார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

"இவரை நான் இப்படிப் பார்த்ததே இல்லண்ணா" என்றாள் கவிதா. நான் தொப்பியை ஜாக்கெட்டுக்குள் திணித்து, ஜாக்கெட்டையே அலமாரிக்குள் போட்டு மூடினேன்.

சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அப்பாவோட சைக்கிள்ள போய்க்கொண்டிருந்தனாங்கள். சந்தியிலை ஆமி மறிச்சுப்போட்டாங்கள். அப்பா ஐசியை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாடா எண்டார். நான் ஓடினனான். எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பாத்தால் சைக்கிள் மட்டும் நிக்குது."

கவிதா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா ஹார்ட் அட்டாக்ல போயிட்டார்னுதானே சொன்னீங்க?"

"ஓம், சொன்னனான்."

"ஒன்பது வருஷம். ஏன் பொய் சொன்னீங்க?"

"செத்திட்டார் எண்டுகூட எங்களுக்குத் தெரியாது, கவிதா. இருக்கிறார் எண்டும் தெரியாது. அதை எப்பிடிச் சொல்லுறது? மாரடைப்பு எண்டால் ஆக்கள் வேறை கேள்வி கேக்க மாட்டினம். உம்மட்டைச் சொன்னால், நீர் என்னைப் பாக்கிற பார்வை மாறிப்போம் எண்டு பயந்தனான்."

அவள் எழுந்து போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள்.

"அவங்கட முகம் ஒண்டும் ஞாபகமில்லை, மச்சான்" என்றார் ரஞ்சன் என்னிடம். "ஒருத்தன்ர தொப்பி மட்டும் இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. நீங்கள் போட்டிருந்த மாதிரித்தான், கண்ணுக்கு மேலை சரிச்சு இழுத்து. ரோட்டிலை எத்தனையோ பேர் பெரே போட்டுக்கொண்டு போறதைப் பாக்கிறனான். ட்ரிக்கிலை ஏறுவினம். ஒண்டும் செய்யாது. இண்டைக்கு வீட்டு வாசல்லை வந்து நிண்டதுதான்."

எந்த ஆமி, அவர்கள் நாட்டினுடையதா நம் நாட்டினுடையதா என்று கேட்க வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அதைத் தாங்கும் நிலையில் நான் இல்லை. சுதந்திர தினம், பூரி கிழங்கு என்று என் மனதில் இருந்த ஒரு பொருள், இதே தமிழ் பேசும் இவர் வீட்டில் இப்படியொரு பயமாக இருந்திருக்கிறது. எனக்கு ஒன்பது வருடமாகப் பழக்கமான மனிதர். ஒரு துளி தெரியாது.

மறுநாள் காலையில், தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ரஞ்சனுக்கு அன்று வேலை இல்லை. "நானும் வாறன்" என்றார். கவிதா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் ஏற்கனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்கு வெளியே பனியில் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணாடிக்கு உள்ளே வரிசையாகப் பெரேக்கள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போய் இங்கெரிடம் நார்வேஜிய மொழியில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். அந்தப் பெண்மணி வாயில் கை வைத்துக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தரக் கல்லாவைத் திறந்தார். ரஞ்சன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு வேறென்னவோ கேட்டார்.

இங்கெர் என் பச்சைத் தொப்பியை வாங்கி உட்புறம் வெளியே தெரியத் திருப்பி மேசையில் வைத்தார். படையினர் போடுவதில் சின்னம் குத்த முன்பக்கம் விறைப்பான அட்டை இருக்கும், விளிம்பில் தோல் பட்டி இருக்கும், தலையோடு அழுந்தப் பிடிக்கும். இது வெறும் கம்பளி, ஆடு மேய்ப்பவர்கள் மழைக்குப் போட்டது என்று சொல்லச் சொல்ல, ரஞ்சன் எனக்கு மொழிபெயர்த்தார். பாடம் ஒப்பிப்பவர் போல, ஒரு சொல் விடாமல். விரலால் விளிம்பு முழுவதும் தடவிப் பார்த்தார். முன்பக்கம் அட்டை இல்லை என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

பிறகு அதை என்னிடம் நீட்டினார். "போடுங்கோ, மச்சான்."

"வேண்டாம் மாப்ள. விட்டுடலாமுங்க."

"போடுங்கோ. நான் பாக்கவேணும்."

என் வாழ்க்கையில் ஒரு தொப்பி அவ்வளவு கனத்ததில்லை. போட்டுக்கொண்டு நின்றேன். அவர் என் எதிரே, ஒரு கை தூரத்தில். மூச்சு வேகமாக வந்தது. கண்ணை எடுக்கவில்லை. ஓடிவிடுவாரோ என்று எனக்குப் பயம், இங்கெரும் அசையவில்லை. அப்புறம் அவர் கையை நீட்டி, என் நெற்றியில் இருந்த விளிம்பைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். புருவம், நெற்றி, கொஞ்சம் வழுக்கை எல்லாம் வெளியே வந்தது.

"நேற்று இதுக்குக் கீழை முகம் இருக்கேல்லை" என்றார். "இப்ப இருக்கு. இப்பிடியே போடுங்கோ."

அவர் தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. வாங்குவார் என்று நானும் நினைக்கவில்லை. திரும்பும் வழியில் ட்ரிக்கில் வெளியே பார்த்தபடி, தன் அப்பாவுக்கு ஆட்டிறைச்சி பிடிக்காது என்றார். அவர் அப்பாவைப் பற்றி நான் கேட்ட முதல் செய்தி அது. வீட்டுக்கு வந்ததும் கவிதா அவரிடம் அப்பாவின் பெயரைக் கேட்டாள். ஆவணங்களில் இருக்கும் பெயர் அவளுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார்.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு. அங்கே ஞாயிறன்று ஏறக்குறைய எல்லாக் கடைகளும் மூடியிருக்கும், சனிக்கிழமை சீக்கிரம் மூடுவார்கள், வாரநாளில் போங்கள். முழுக் கம்பளிதானா என்று உள்ளே இருக்கும் சீட்டைப் படியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தலைச் சுற்றளவை சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது; இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். வெந்நீரும் வாஷிங் மெஷினும் கூடவே கூடாது, குழந்தைத் தொப்பியாகிவிடும். நனைந்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டின்மேல் கவிழ்த்து நிழலில் காய வையுங்கள். மைனஸ் பத்துக்குக் கீழே காதை இழுத்து மூடிக்கொள்ளத் தயங்காதீர்கள், அழகு அப்புறம்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் அங்கே நம்மவர் வீடுகளுக்குப் போகும்போது, மணி அடிக்கும் முன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும்போது அவர்களுக்கு முதலில் உங்கள் முகம் தெரியட்டும்.